அடைத்துக் கிடக்கிறதா, அடைக்கப்பட்டதா? ஆங்கிலத்தில் பெயரடையும் செயப்பாட்டு வினையும் சேருமிடத்தில் எதை எழுதுவது

நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடையைப் பற்றி விசாரித்தால் இரண்டு விதமாகப் பதில் வரும். ‘கட அடைச்சுக் கெடக்கு’ என்பார் ஒருவர். ‘இப்பதான் அடைச்சிட்டுப் போனாவ’ என்பார் இன்னொருவர். முதல் பதில் கடையின் நிலையைச் சொல்கிறது. யார் அடைத்தார், எத்தனை மணிக்கு அடைத்தார் என்ற பேச்சே அதில் இல்லை. இரண்டாவது பதில் நடந்த செயலைச் சொல்கிறது. பேச்சில் இந்த இரண்டையும் இந்த மாவட்டத்தில் ஒரு குழந்தைகூடக் குழப்பிக்கொள்ளாது. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். அங்கே இரண்டுக்கும் ஒரே உடுப்பு: ‘தி ஷாப் வாஸ் குளோஸ்டு’. ‘குளோஸ்டு’ என்ற மூன்றாம் வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) ஓரிடத்தில் ‘பிக்’, ‘நியூ’ போல வெறும் பெயரடை. இன்னோரிடத்தில் அதே சொல் செயப்பாட்டு வினையின் பாதி.

ஆங்கிலம் ஒளித்துவைக்கும் வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படையாக வைத்திருக்கிறது. ஆகவே முடிவைத் தமிழில் எடுத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதே சுருக்குவழி. ஒரு எச்சரிக்கை: அந்தத் தமிழ் பேச்சுத் தமிழாக இருக்க வேண்டும். ‘மூடப்பட்டுள்ளது’ என்ற பத்திரிகைத் தமிழ் நிலையையும் செயலையும் ஆங்கிலத்தைப் போலவே கலந்துவிடும். ‘கெடக்கு’, ‘இருக்கு’ என்று வாயில் வந்தால் பெயரடை. ‘அடைச்சாவ’, ‘வெட்டுனாவ’ என்று வந்தால் வினை.

கடைப் பலகை

விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். திறப்பு விழா 2024 டிசம்பர் 30 அன்று நடந்தது. அது செயல், ‘தி பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்டு ஆன் 30 டிசம்பர் 2024’. இன்றைக்குப் பயணிகள் போகலாமா என்று கேட்டால் அது நிலை. ‘தி பிரிட்ஜ் இஸ் ஓப்பன்’. இங்கே ‘இஸ் ஓப்பன்டு’ என்று எழுதுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் காணும் பிழை. ‘குளோஸ்டு’ என்று பலகையில் எழுதுகிறோமே, அப்படியானால் எதிர்ச்சொல் ‘ஓப்பன்டு’தானே என்ற கணக்கில் வருவது அது.

கணக்கு ஏன் தப்புகிறது? ‘ஓப்பன்’ என்ற வினைக்குப் பக்கத்திலேயே ‘ஓப்பன்’ என்ற தனிப் பெயரடையும் இருக்கிறது. நிலையைச் சொல்ல அது போதும். ‘குளோஸ்’ என்ற வினைக்கு அந்த வசதி இல்லை. அதே எழுத்தில் வரும் பெயரடைக்கு ‘அருகில்’ என்று பொருள். அதனால் அடைத்துக் கிடக்கும் நிலையைச் சொல்ல மூன்றாம் வடிவத்தைக் கடன் வாங்குகிறார்கள். பலகையில் ஒரு பக்கம் ‘ஓப்பன்’, மறுபக்கம் ‘குளோஸ்டு’ என்று ஒத்துப்போகாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இதே மாதிரி இரட்டைகள் நிறைய: ‘க்ளீன்’, ‘க்ளீன்டு’, ‘எம்ப்டி’, ‘எம்ப்டீடு’, ‘ஃப்ரீ’, ‘ஃப்ரீடு’, ‘ட்ரை’, ‘ட்ரைடு’. தனிப் பெயரடை இருக்குமிடத்தில் நிலைக்கு அதையே எடுங்கள். அங்கே மூன்றாம் வடிவத்தைப் போட்டால் ‘யாரோ செய்தார்கள்’ என்ற வாடை வந்துவிடும். அந்த வாடை வேண்டிய இடங்களும் உண்டு. குளச்சல் பக்கம் கருவாடு பொட்டலம் போடுகிறவர்கள் ‘ட்ரை ஃபிஷ்’ என்று அச்சடிக்கிறார்கள். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு அது ஈரப்பசை இல்லாத மீன், சில சமயம் சமைத்து வறண்டுபோன மீன். கருவாடு உப்பிட்டு வெயிலில் காயவைத்தது, அதாவது செயலால் உண்டானது. ‘ட்ரைடு ஃபிஷ்’ சரி. ‘சன்-ட்ரைடு ஃபிஷ்’ இன்னும் சரி.

நேரம் சொல்ல வேண்டிய பலகைக்குப் பெயரடையும் வேண்டாம், செயப்பாட்டும் வேண்டாம். ‘தி ஷாப் வாஸ் குளோஸ்டு அட் நைன்’ என்றால் ஒன்பதுக்கு அடைத்தார்களா, ஒன்பதுக்குப் போனபோதே அடைத்துக் கிடந்ததா என்று தெரியாது. ‘தி ஷாப் குளோஸஸ் அட் நைன்’ என்று நேர்வினையில் எழுதினால் ஐயமே இல்லை. நாமும் ‘கட ஒம்பது மணிக்கு அடைக்கும்’ என்றுதானே சொல்கிறோம்.

சோதனைகள், அவை காலை வாரும் இடங்கள்

மூன்றாம் வடிவம் பெயரடையா வினையா என்று கண்டுபிடிக்க வகுப்பறையில் நான்கைந்து சோதனைகள் சொல்லித் தருவார்கள். எல்லாமே உதவும். எதையும் தனியாக நம்பக் கூடாது.

அதிகம் நம்பத்தக்கது ‘பீயிங்’ சோதனை. ‘தி ரோடு இஸ் பீயிங் ரிப்பேர்டு’ என்பதில் வேலை நடந்துகொண்டிருக்கிறது, சந்தேகமில்லாமல் வினை. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை: ‘தி பேலஸ் இஸ் குளோஸ்டு ஆன் மண்டேஸ்’. இதில் ‘பீயிங்’ நுழைத்துப் பாருங்கள். திங்கள்தோறும் யாரோ கதவைச் சாத்திக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். எனவே இங்கே ‘குளோஸ்டு’ பெயரடை. இதன் மறுபக்கம், ‘இஸ்’ இருக்குமிடத்தில் ‘ரிமெய்ன்ஸ்’ அல்லது ‘சீம்ஸ்’ வைத்துப் பார்ப்பது. வைத்தும் பொருள் நின்றால் பெயரடை.

‘வெரி’ சோதனை ஒருவழிப் பாதை. ‘வெரி டயர்டு’, ‘வெரி வொரீடு’ என்று பொருந்தினால் பெயரடை என்பது உறுதி. பொருந்தாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. ‘வெரி குளோஸ்டு’ என்று யாரும் சொல்வதில்லை. சாத்தியதில் கொஞ்சம், அதிகம் என்று அளவு கிடையாது என்பதே காரணம்.

‘பை’ வந்தால் வினை என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் ‘கன்னியாகுமரி இஸ் சரவுண்டட் பை தி சீ ஆன் த்ரீ சைட்ஸ்’ என்ற வாக்கியத்தில் கடல் வந்து யாரையும் வளைக்கவில்லை. அது ஊரின் கிடப்பு, அதாவது நிலை. அதுபோல ‘இன்ட்ரெஸ்டட் இன்’, ‘வொரீடு அபவுட்’, ‘நோன் ஃபார்’ என்று ‘பை’ அல்லாத முன்னிடைச்சொல் ஒட்டியே வரும் வடிவங்கள் பெரும்பாலும் பெயரடைகள். தோவாளை ‘இஸ் நோன் ஃபார் இட்ஸ் ஃப்ளவர்ஸ்’. கருப்பட்டி ‘இஸ் மேட் ஃப்ரம் பாம் சாப்’. பதநீர் உருமாறிப் போனதால் ‘ஃப்ரம்’. மரத்தால் ஆன அரண்மனையில் மரம் இன்னும் கண்ணுக்குத் தெரிவதால் ‘மேட் ஆஃப் வுட்’. இவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

‘அன்’ என்ற முன்னொட்டு அதிகக் கவனம் கேட்கிறது. ‘அன்ஓப்பன்டு லெட்டர்’ என்றால் பெயரடை. ‘அன்ஓப்பன்’ என்று ஒரு வினையே கிடையாது. ஆனால் ‘அன்லாக்’, ‘அன்டை’, ‘அன்பேக்’ ஆகியவை வினைகளாகவும் உண்டு. வீட்டில் திருட்டுப் போனது என்று புகார் எழுதுகிறீர்கள். ‘தி டோர் வாஸ் அன்லாக்டு’ என்றால் கதவு பூட்டாமல் கிடந்தது என்றும் படிக்கலாம், யாரோ பூட்டைத் திறந்தார்கள் என்றும் படிக்கலாம். காப்பீடு கேட்கும்போது இந்த இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பூட்டாமல் கிடந்திருந்தால் ‘ஹேட் பீன் லெஃப்ட் அன்லாக்டு’. யாரோ பூட்டைத் திறந்திருந்தால் ‘சம்ஒன் அன்லாக்டு தி டோர்’. நடுவில் நிற்கும் வாக்கியத்தை அனுப்பாதீர்கள்.

‘ஆக’ என்ற ஒட்டு, ரப்பர் ஷீட்

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் செயப்பாட்டும் பெயரடையும் சேரும்போது வரும் பிழைகளில் பெரும்பகுதிக்கு வேர் ‘ஆக’. ‘சுவர் வெள்ளையாக அடிக்கப்பட்டது’, ‘அறை சுத்தமாக வைக்கப்பட்டிருக்கிறது’, ‘வண்டி வேகமாக ஓட்டப்பட்டது’. மூன்றிலும் ‘ஆக’ இருக்கிறது. ‘ஆக’ வந்தால் வினையடை, ஆங்கிலத்தில் ‘எல்ஒய்’ சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் பழகிவிட்டோம். ‘தி ரூம் இஸ் கெப்ட் க்ளீன்லி’ பிறப்பது இப்படித்தான்.

ஆங்கிலம் கேட்பது வேறு கேள்வி: அந்தச் சொல் பொருளுக்கு ஒட்டுகிறதா, செயலுக்கு ஒட்டுகிறதா? செயல் முடிந்தபின் சுவர் வெள்ளையாக இருக்கிறது. ஆகவே ‘தி வால் வாஸ் பெயின்டட் வொயிட்’. அறை சுத்தமாக இருக்கிறது. ‘தி ரூம் இஸ் கெப்ட் க்ளீன்’. வேகம் வண்டியுடையது அல்ல, ஓட்டியதன் வேகம். அங்கே ‘ஓட்டிய விதம்’ என்று வினையடை வரலாம். ‘தி ஹவுஸ் வாஸ் ஃபவுண்ட் ஈஸிலி’ என்றால் வீட்டைச் சிரமமில்லாமல் கண்டுபிடித்தார்கள். ‘தி டெஸ்ட் வாஸ் ஃபவுண்ட் ஈஸி’ என்றால் தேர்வு எளிதாக இருந்தது என்று கண்டார்கள். ஒரே ‘ஃபவுண்ட்’, பின்னால் வரும் சொல்தான் பொருளைத் திருப்புகிறது.

இப்படிப் பெயரடையைப் பின்னால் ஏற்கும் செயப்பாட்டு வினைகள் ஒரு கைக்குள் அடங்கும் அளவுக்கே அன்றாடத்தில் வருகின்றன: ‘கெப்ட்’, ‘லெஃப்ட்’, ‘ஃபவுண்ட்’, ‘மேட்’, ‘பெயின்டட்’, ‘டிக்ளேர்டு’, ‘கன்சிடர்டு’. ‘மேட்’ மட்டும் ஒரு குணம் காட்டும். பெயரடை வந்தால் நேராக நிற்கும்: ‘இட் வாஸ் மேட் கிளியர்’. வினை வந்தால் செயப்பாட்டில் ‘டு’ கேட்கும்: ‘வி வேர் மேட் டு வெயிட்’. செய்வினையில் இல்லாத ‘டு’ இங்கே முளைப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் முறையை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் எல்லாத் தேர்வும் ஒரே இடத்தில் வந்துவிடும். பாலை அரித்து, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைக்கிறார்கள். வரிசையாக நடக்கும் செயல்கள், செய்கிறவர் யார் என்பது முக்கியமல்ல. நிகழ்காலச் செயப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ‘தி லேட்டெக்ஸ் இஸ் ஸ்ட்ரெய்ன்டு, டைல்யூட்டட் வித் வாட்டர் அண்ட் கோவாகுலேட்டட் வித் ஃபார்மிக் ஆசிட்.’ மூன்று வினைக்கும் ஒரே ‘இஸ்’ போதும், திரும்பத் திரும்பப் போட வேண்டாம். ஆசிட் கருவி ஆனதால் ‘பை’ இல்லை, ‘வித்’.

அடுத்து உறைந்ததை உருளையில் விட்டு மெல்லிசாக்குவது. ‘இஸ் ரோல்டு தின்’ சரி. ‘இஸ் ரோல்டு தின்லி’ என்றால் மெல்லிசானது ஷீட்டா, உருட்டிய விதமா என்று வாக்கியம் தடுமாறும். உண்மையில் செய்முறைக் குறிப்பில் இரண்டையும்விட அளவு நல்லது: ‘இஸ் ரோல்டு டு எ திக்னெஸ் ஆஃப் அபவுட் 3 மில்லிமீட்டர்ஸ்’. பெயரடை படிப்பவரின் கற்பனையை நம்புகிறது, அளவு நம்பவில்லை. பிறகு, ‘தி ஷீட்ஸ் ஆர் ஹங் வெட்’. இதில் ‘வெட்’ தொங்கவிடும் நேரத்து நிலை, விளைவு அல்ல. நீர் வடியாத ஷீட்டைப் புகைக்கூண்டில் அடைத்துவிட்டுப் பூஞ்சை வந்தால் தரம் இறங்கும். அங்கே பழி இந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான்.

சந்தையில் ‘ஆர் எஸ் எஸ் 4’ என்று சொல்வதில் அந்த எழுத்துகள் ‘ரிப்டு ஸ்மோக்டு ஷீட்’. ‘ஸ்மோக்டு’ செயப்பாட்டிலிருந்து வந்த பெயரடை. ஷீட்டுக்குப் புகை போட்டார்கள். ‘ரிப்டு’ அப்படி அல்ல. வரி உருளையில் விழும் கோடுகளுக்கு ‘ரிப்’ என்று பெயர். அந்தப் பெயர்ச்சொல்லோடு ‘இ’, ‘டி’ என்ற எழுத்துகள் ‘இடி’ ஆக ஒட்டி ‘கோடுகள் உள்ள’ என்ற பொருளில் நிற்கிறது. ‘டைல்டு ரூஃப்’, ‘பியர்டட் மேன்’ எல்லாம் இந்த வகை. ‘இடி’ பார்த்தவுடன் செயப்பாடு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு நம்மூர் ஷீட்டே சாட்சி.

மனு எழுதும்போது

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்களைப் பற்றி எழுத வேண்டிவந்த கரை இது. இங்கே ஒரு சொல் தவறினால் பொருள் மாறுவது மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் நிலைமையே மாறிப் படிக்கப்படும். அதனால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

‘காணாமல் போன மீனவர்கள்’ என்பதற்கு ‘மிஸ்டு ஃபிஷர்மென்’ என்று எழுதுவோர் உண்டு. ‘போன’ என்ற இறந்தகாலம் ‘இடி’யை இழுத்து வருகிறது. ஆங்கிலத்தில் ‘மிஸ்டு’ என்றால் பிரிந்து ஏங்கப்பட்டவர். பேருந்து என்றால் தவறவிட்ட பேருந்து. காணவில்லை என்ற பொருளுக்கு ‘மிஸ்ஸிங்’ மட்டுமே. அது பெயரடை, செயப்பாடு இல்லை. ‘தே ஆர் மிஸ்ஸிங்’ நிலை. ‘தே வென்ட் மிஸ்ஸிங் ஆன் 30 நவம்பர்’ நிகழ்வு.

இதற்கு மேல் செயப்பாடு வந்து சேரும்போது யார் சொன்னது, எவ்வளவு உறுதி என்பது நுழைகிறது. ‘வேர் ரிப்போர்ட்டட் மிஸ்ஸிங்’ என்றால் காணவில்லை என்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ‘ஆர் ஃபியர்டு ட்ரவுன்டு’ என்றால் மூழ்கியிருப்பார்களோ என்ற அச்சம். பத்திரிகைக்கு ஆகும், மனுவுக்கு ஆகாது. ‘ஆர் ப்ரிஸ்யூம்டு டெட்’ என்றால் இறந்ததாகக் கொள்ளப்படுகிறது. பழைய இந்தியச் சான்றுச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாதவரைப் பற்றிப் பேசுவது இந்த அனுமானத்தைத்தான். ‘வேர் டிக்ளேர்டு டெட்’ என்றால் அதிகாரம் உள்ளவர் அறிவித்துவிட்டார், அறிவித்த தேதியும் ஆணையும் இருக்கும். ‘வேர் ஃபவுண்ட் அலைவ்’ என்றால் கிடைத்துவிட்டார்கள்.

ஆணை கையில் இல்லாதபோது ‘டிக்ளேர்டு’ எழுதக் கூடாது. புகார் எண் இருந்தால் ‘ரிப்போர்ட்டட் மிஸ்ஸிங்’தான் பத்திரம், அது நடந்ததை மட்டும் சொல்கிறது, நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை.

மரங்களுக்கு வருவோம். காற்றில் விழுந்த ரப்பர் மரத்துக்கு இழப்பீடு கேட்கிறீர்கள். ‘ஃபாலன் ட்ரீஸ்’ என்றால் விழுந்த மரங்கள். ‘ஃபெல்டு ட்ரீஸ்’ என்றால் வெட்டிச் சாய்த்த மரங்கள். காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல. பொருளில் ஒன்று உங்களுக்கு நிவாரணம், மற்றொன்று நீங்களே கோடாலி எடுத்த கதை. ‘ஃபாலன்’ மூன்றாம் வடிவம்தான், ஆனால் செயப்பாடு இல்லை. ‘விழு’ என்ற வினைக்குச் செயப்படுபொருளே கிடையாதே. ‘ரிட்டயர்டு டீச்சர்’ போன்ற சில சொற்களும் இந்த வகை. இரண்டையும்விட மனுவுக்கு ஏற்றது ‘ட்ரீஸ் அப்ரூட்டட் பை தி விண்ட்’. காரணம் வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அந்தக் காரணத்தோடு இன்னொரு தேர்வும் வருகிறது: மூன்றாம் வடிவத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? தமிழில் பெயரெச்சம் எப்போதும் முன்னால்தான். ‘வெட்டிய’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய ஆள், வெட்டிய நேரம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். யார் செய்தது, எதற்கு நேர்ந்தது என்று அந்த எச்சம் காட்டிக்கொடுக்காது, கேட்பவர் புரிந்துகொள்கிறார். ரப்பர் மரத்தை வெட்டிப் பாலெடுப்பது ஆங்கிலத்தில் ‘டேப்’. அதில் ‘டேப்டு’ மரத்துக்கு மட்டும். கத்திக்கு ‘டேப்பிங் நைஃப்’, ஆளுக்கு ‘டேப்பர்’. ‘போரிங்’, ‘போர்டு’ குழப்பத்துக்கும் வேர் இதே. ‘ஐ ஆம் போரிங்’ என்பவர் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார்.

தனிச் சொல்லாக, நிலைத்த பண்பாக இருந்தால் முன்னால்: ‘டேமேஜ்டு போட்ஸ்’. எங்கே, எப்போது, எதனால் என்ற வால் இருந்தால் பின்னால்: ‘போட்ஸ் டேமேஜ்டு இன் தி சைக்ளோன்’. மனுவில் பின்னால் வைப்பதே நம் பரிந்துரை. முன்னால் வைத்தால் சேதம் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டது போல நழுவிப்போகும். பின்னால் வைத்தால் எதனால் சேதம் என்பது சேர்ந்தே பதிவாகும்.

இடம் மாறினால் பொருளே மாறும் ஒரு சொல் எல்லா மனுவிலும் வருகிறது. ‘சம்பந்தப்பட்ட அதிகாரி’யை அப்படியே வரிசை மாறாமல் ‘தி கன்சர்ன்டு ஆஃபீசர்’ என்று எழுதுகிறோம். இந்திய அலுவலகங்களில் இது ஊறிப்போன வழக்கு, யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. ஆனால் வெளிநாட்டுத் தூதரகத்துக்கோ கப்பல் நிறுவனத்துக்கோ எழுதினால் அவர் கவலையில் இருக்கும் அதிகாரி ஆகிவிடுவார். ‘தி ஆஃபீசர் கன்சர்ன்டு’ எங்கேயும் சரி. அதையே பழகிக்கொண்டால் இரண்டு வழக்கு வேண்டாம்.

சொன்னார்களா, சோதித்தார்களா

‘குடிநீர் பாதுகாப்பானது எனப்படுகிறது’ என்று எழுத மூன்று அச்சுகள் இருக்கின்றன. ‘இஸ் கன்சிடர்டு சேஃப்’: நடுவில் ஒன்றும் வேண்டாம். ‘இஸ் செட் டு பி சேஃப்’: ‘டு பி’ கட்டாயம். ‘இஸ் ரிகார்டட் அஸ் சேஃப்’: ‘அஸ்’ கட்டாயம். ‘கன்சிடர்டு அஸ் சேஃப்’ என்று முதலாவதையும் மூன்றாவதையும் கலப்பது மிகப் பரவலானது. கண்டிப்பான திருத்துநர் கோடு போடுவார். ‘டிக்ளேர்டு’, ‘ஃபவுண்ட்’, ‘டீம்டு’ முதல் வகையைச் சேர்ந்தவை. ‘நோன்’ இரண்டாம் வகை. ‘டிஸ்க்ரைப்டு’, ‘ட்ரீட்டட்’ மூன்றாம் வகை.

அச்சைவிட முக்கியம் எடை. ‘செட்’ என்றால் கேள்விப்பட்டது. ‘கன்சிடர்டு’ என்றால் கருத்து. ‘ஃபவுண்ட்’ என்றால் பார்த்தது, சோதித்தது. ஆய்வக அறிக்கை இருந்தால் மட்டும் ‘தி வாட்டர் வாஸ் ஃபவுண்ட் அன்ஃபிட் ஃபார் ட்ரிங்கிங்’ என்று எழுதுங்கள்.

‘பி’ (‘இஸ்’, ‘வாஸ்’) அல்லாத ஒரு வினையோடு வரும் அமைப்பும் அறிந்துகொள்ளத் தக்கது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் ‘வேர் டிஃபீட்டட்’. அப்போது பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிற்பாடு திருவிதாங்கூர் படைக்கே தலைமை தாங்கி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் ‘வாஸ் பரீடு’. அடக்கம் செய்த நாளைச் சொல்ல அது. இன்று கோட்டைக்குப் போகிறவருக்கான பலகையில் ‘லைஸ் பரீடு’ என்று எழுதினால் அவர் அங்கே கிடக்கிறார் என்ற நிலை வந்துவிடும். நம் ‘கெடக்கு’க்கு ஆங்கிலத்தில் இதைவிட நெருங்கிய சொல் கிடையாது. ‘ஸ்டாண்ட்ஸ் டிசர்ட்டட்’, ‘ரிமெய்ன்ஸ் அன்சோல்டு’ ஆகியவையும் இதே அச்சு.

‘கெட்’ சேர்த்து ‘காட் டேமேஜ்டு’ என்று எழுதுவது பேச்சுக்கு நல்லது, நிலை மாறியதையும் தெளிவாகக் காட்டும். மனுவிலும் கடிதத்திலும் ‘வாஸ்’ போதும்.

பெயரடைக்குப் பின் ‘டு’

இங்கே தமிழ் நம் பக்கம். ‘பார்க்க அழகு’, ‘கடக்கக் கஷ்டம்’ என்கிறோம். ‘பார்க்கப்பட அழகு’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் அப்படியே: ‘தி ரோடு இஸ் டிஃபிகல்ட் டு கிராஸ்’. ஆனாலும் செயப்பாட்டுப் பாடம் படித்த கை ‘டிஃபிகல்ட் டு பி கிராஸ்டு’ என்று எழுதிவிடுகிறது. ‘ஈஸி’, ‘ஹார்டு’, ‘டிஃபிகல்ட்’ பின்னால் செய்வினைதான். ‘வொர்த்’ பின்னாலும் ‘வொர்த் சீயிங்’தான்.

‘லைக்லி’ வேறு சாதி. அதன் எழுவாய் செயலுக்கு ஆட்படுவதானால் செயப்பாடு வந்தே ஆக வேண்டும்: ‘தி ஃபெரி இஸ் லைக்லி டு பி கேன்சல்டு’. ‘லைக்லி டு கேன்சல்’ என்றால் படகே எதையோ ரத்து செய்கிறது. ‘ரெடி’யும் ‘ஃபிட்’டும் இரண்டுக்கும் இடங்கொடுக்கும், ‘ரெடி டு ஈட்’, ‘ரெடி டு பி சர்வ்டு’ என்று. எழுவாய் ஆளாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை.

செவிலியர் கடிதம்

இந்த மாவட்டத்திலிருந்து வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறவர்கள் ஏராளம். எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம், கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொல். அந்தக் குறுகிய இடத்தில் மேலே சொன்ன எல்லாத் தேர்வும் வரிசையில் வந்து நிற்கும்.

‘ஷி இஸ் நோன் டயபெட்டிக்’ என்று தொடங்கினால் தவறு. ‘நோன்’ இரண்டாம் வகை, ‘டு பி’ கேட்கும். ‘ஷி இஸ் எ நோன் டயபெட்டிக்’ என்று பெயர்ச்சொல்லாக்கலாம். ‘ஷி ஹேஸ் டயபெட்டிஸ்’ இன்னும் எளிது, இன்றைய மருத்துவக் கடிதங்கள் விரும்புவதும் அதையே. வீட்டில் நினைவிழந்து கிடந்தார்: ‘வாஸ் ஃபவுண்ட் அன்கான்ஷியஸ்’, ‘அன்கான்ஷியஸ்லி’ என்று எழுதினால் கண்டுபிடித்தவர் நினைவில்லாமல் கண்டுபிடித்ததாகும். புண்ணைத் துடைத்துக் கட்டினீர்கள்: ‘தி வூண்ட் வாஸ் க்ளீன்டு அண்ட் ட்ரெஸ்டு’. இப்போது அது எப்படி இருக்கிறது: ‘தி வூண்ட் இஸ் க்ளீன் அண்ட் ட்ரை’. முதல் வாக்கியம் நீங்கள் செய்தது, இரண்டாவது அடுத்த செவிலியர் காணப்போவது. இரண்டையும் ‘இஸ் க்ளீன்டு’ என்று ஒன்றாக்கினால் தினமும் துடைக்கிறார்கள் என்று படிக்கப்படும்.

‘இஸ் ஸ்வோலன்’, ‘இஸ் இன்ஃபெக்டட்’ நிலை, அப்படியே நிற்கட்டும். ‘ஷி இஸ் ரெகவர்டு’ வேண்டாம். தேறியது அவரே, யாரும் தேற்றவில்லை. ‘ஷி ஹேஸ் ரெகவர்டு’. வீட்டுக்கு அனுப்பிய நாளுக்கு ‘வாஸ் டிஸ்சார்ஜ்டு ஆன் மண்டே’. இனிதான் அனுப்ப வேண்டும் என்றால் ‘டிஸ்சார்ஜ் பண்ண ரெடி’ என்ற பேச்சை நம்பி ‘ஷி இஸ் ரெடி டு டிஸ்சார்ஜ்’ என்று எழுதாதீர்கள். நோயாளி வேறு யாரையோ வீட்டுக்கு அனுப்பத் தயாராக நிற்பார். ‘ஷி இஸ் ரெடி டு பி டிஸ்சார்ஜ்டு’ சரி. ‘ஷி இஸ் ரெடி ஃபார் டிஸ்சார்ஜ்’ என்றால் ஒரு சொல் மிச்சம், அதை அடுத்த மருந்துக் குறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.